ஜெர்மானியரின் பீர் மேசையில் அமர்வது எப்படி: சென்னையிலிருந்து செல்வோருக்கு

ஒரகடத்திலும் சிங்கப்பெருமாள் கோவிலிலும் உள்ள வாகனத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பொறியாளர்கள் பலர் ஸ்டுட்கார்ட்டுக்கோ மியூனிக்குக்கோ பயிற்சிக்காகச் செல்கிறார்கள். நுங்கம்பாக்கத்து மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் படித்துவிட்டு மேற்படிப்புக்காகப் புறப்படும் மாணவர்களும் உண்டு. மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959இல் சென்னை ஐஐடி தொடங்கப்பட்ட காலத்திலிருந்தே இந்தப் போக்குவரத்து நம் நகரத்துக்குப் பழக்கமானது. விசா, குளிருடை, வாடகை வீடு, வங்கிக் கணக்கு ஆகியவற்றைப் பற்றியெல்லாம் புறப்படுமுன் விசாரித்துக்கொள்கிற நாம், போய்ச் சேர்ந்த சில நாட்களுக்குள் சக ஊழியர்கள் மாலையில் பீர் தோட்டத்துக்கு அழைத்தால் அங்கே எப்படி நடந்துகொள்வது என்பதைப் பற்றி யாரிடமும் கேட்பதில்லை. கேட்கக் கூச்சம், சொல்லவும் கூச்சம். தமிழ்நாட்டில் மது பெரும்பாலும் மறைவிலும் அவசரத்திலும் அருந்தப்படுவதால், அந்தப் பழக்கத்தையே மனத்தில் கொண்டு செல்கிறவர் ஒன்று அழைப்பையே தட்டிக்கழித்துத் தனிமைப்பட்டுப் போகிறார், அல்லது வந்த வேகத்தில் அளவு மீறிக் குடித்துப் பெயரைக் கெடுத்துக்கொள்கிறார். இரண்டையும் தவிர்க்க முடியும். பாட்டியும் பேரக் குழந்தையும் ஒரே பலகையில் அமர்ந்திருக்க, அறிமுகமில்லாதவர் அடுத்த இருக்கையில் வந்து உட்கார, மூன்று மணி நேரம் பேசிக்கொண்டிருப்பதே அங்கே முதன்மையானது. குவளையில் இருப்பது அந்த இருப்புக்குத் துணை. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வரும் முறைகள் அனைத்தும் எளிதில் விளங்கும்.

மேசையைத் தேர்ந்தெடுத்தல்

தெற்கு ஜெர்மனியின் மாநிலமான பவேரியாவின் பீர் தோட்டம் என்பது பரந்த செஸ்ட்நட் மரங்களின் நிழலில், சரளைக்கல் பரப்பிய தரையில், நீண்ட மர மேசைகளும் பலகைகளும் போட்ட திறந்தவெளி. இந்த அமைப்புக்குக் காரணம் உண்டு. கோடை வெப்பத்தில் காய்ச்சிய பீர் கெட்டுப்போனதால், ஏப்ரல் 23இலிருந்து செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சக் கூடாது என்று 1553இல் பவேரியாவில் ஆணை பிறந்தது. எனவே வசந்தத்துக்குள் காய்ச்சி முடித்த பீரைக் கோடை முழுதும் குளிர்ச்சியாக வைக்க, காய்ச்சுவோர் ஆழமான நிலவறைகளைத் தோண்டி, குளிர்காலத்துப் பனிக்கட்டிகளை அவற்றில் அடுக்கினார்கள். நிலவறையின் கூரை சூடேறாதிருக்க மேலே சரளையைப் பரப்பி, வேர் ஆழமாக இறங்காததும் இலை அகன்றதுமான செஸ்ட்நட் மரங்களை நட்டார்கள். நிழல் இருக்கும் இடத்துக்கு மக்கள் வருவது இயல்புதானே. அங்கேயே பீரும் விற்கப்பட்டது, கூட்டம் பெருகியது, நகரத்து உணவு விடுதிக்காரர்கள் தங்கள் வருமானம் போகிறது என்று முறையிட்டார்கள். 1812 ஜனவரி 4 அன்று மன்னர் முதலாம் மாக்சிமிலியன் யோசெப் ஒரு தீர்வு சொன்னார்: காய்ச்சுவோர் தங்கள் நிலவறைத் தோட்டங்களில் பீரை விற்கலாம், ஆனால் ரொட்டியைத் தவிர வேறு உணவு விற்கக் கூடாது. அதனால் மக்கள் வீட்டிலிருந்தே உணவு கட்டிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். அந்த விற்பனைத் தடை பின்னர் நீங்கிவிட்ட போதிலும் உணவு கொண்டுவரும் உரிமை இன்றும் நிலைத்திருக்கிறது. 1999ஆம் ஆண்டின் பவேரிய பீர் தோட்ட விதிமுறையே அதைப் பீர் தோட்டத்தின் அடையாளமாக ஏற்கிறது.

ஆகவே நுழைந்ததும் முதலில் மேசைகளைப் பாருங்கள். விரிப்பு போட்ட மேசைகளுக்குப் பணியாளர் வந்து பரிமாறுவார். அங்கே வெளி உணவைப் பிரிக்கக் கூடாது. விரிப்பு இல்லாத வெற்று மேசைகள் நாமே போய் வாங்கி வந்து அமர்வதற்கானவை. உங்கள் உணவுப் பொட்டலத்தை அங்கே தாராளமாகப் பிரிக்கலாம். குடிக்கும் பொருளை மட்டும், அது தண்ணீராகவே இருந்தாலும், அங்கேயே வாங்க வேண்டும்.

முழுதும் காலியான மேசையைத் தேடி அலைய வேண்டாம். எட்டுப் பேர் அமரும் மேசையில் இருவர் மட்டும் இருந்தால், அருகில் சென்று "இஸ்ட் ஹியர் நோஹ் ஃப்ரை?" என்று, இந்த இடம் காலியா என்று கேட்டுவிட்டு அமர வேண்டும். கேட்காமல் உட்கார்வது மரியாதைக் குறைவு. கேட்ட பிறகு மறுக்கப்படுவது அரிது. அமர்ந்தபின் ஒரு முகமன் போதும், பேச்சு தானாக வரும் அல்லது வராது; இரண்டும் இயல்பே. ஒரு மேசையின் மீது "ஷ்டாம்டிஷ்" என்று எழுதிய பலகையோ உலோகச் சின்னமோ இருந்தால் மட்டும் விலகிச் செல்லுங்கள். அது வாரந்தோறும் கூடும் வாடிக்கையாளர்களுக்கு உரியது. விடுதியே காலியாக இருந்தாலும் அந்த மேசை அவர்களுக்காகக் காத்திருக்கும். நம் தெருமுனை டீக்கடை பெஞ்சில் காலை ஆறு மணிக்கு யார் எங்கே உட்காருவார் என்பது எழுதப்படாத சட்டமாக இருப்பதைப் போன்றதே இது. பின்னாளில் உங்களையே அத்தகைய மேசைக்கு ஒருவர் அழைத்தால், அதைப் பெரிய மதிப்பாகக் கொள்ளுங்கள். அங்கே வருகிறவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கை கொடுக்காமல், விரல் மூட்டால் மேசைப் பலகையை இருமுறை தட்டி அனைவருக்கும் ஒருசேர வணக்கம் சொல்வதைக் காண்பீர்கள். நீங்களும் அவ்வாறே செய்யலாம்.

கட்டுச்சோறு

பவேரியர்கள் கூடையில் ரொட்டி, பாலாடைக்கட்டி, தொத்திறைச்சி, முள்ளங்கி, சிறு மேசை விரிப்பு, கத்தி என்று அனைத்தையும் கொண்டுவந்து பரப்புவதைப் பார்க்கும்போது, வெளியூர்ப் பயணத்துக்குக் கட்டுச்சோறு கட்டும் நம் வீடுகளில் வளர்ந்தவருக்கு அந்நியம் தோன்றாது. புளியோதரையும், மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் அந்த மேசைக்கு முற்றிலும் பொருத்தமானவை. ஆறிய பின்னும் சுவைப்பவை, கையால் எடுத்துப் பகிரத் தகுந்தவை. அடுத்திருப்பவருக்கு ஓர் இட்லியை நீட்டிப் பாருங்கள், எந்த மொழிப் பயிற்சியும் தராத நட்பை அது தரும் என்பது என் உறுதியான கருத்து. கடும் மணமுள்ள கருவாட்டை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடலாம்.

அங்கே வாங்கிச் சாப்பிடுவதானால், ப்ரெட்செல் என்னும் உப்பு தூவிய முறுக்கு வடிவ ரொட்டியும், ஒபாட்ஸ்டா என்னும் பாலாடைக்கட்டிக் கலவையும் நல்ல தொடக்கம். பழுத்த கமம்பேர் பாலாடைக்கட்டியை வெண்ணெயுடன் பிசைந்து, பாப்ரிகா என்னும் காரம் குறைந்த மிளகாய்த் தூளும் வெங்காயமும் சேர்த்துச் செய்வது அது. வெள்ளை முள்ளங்கியை அறுந்துவிடாத சுருளாகச் சீவி உப்பிட்டுத் தருவார்கள். உப்பு இழுத்த நீர் வடியும்வரை சற்றுக் காத்திருந்து உண்ண வேண்டும். மீன் விரும்பிகளுக்குக் குச்சியில் குத்திக் கனலருகே சுட்ட கானாங்கெளுத்தி உண்டு. மியூனிக்கின் வெள்ளைத் தொத்திறைச்சி காலை உணவு. நண்பகல் மணியோசை கேட்குமுன் அதை உண்டு முடிக்க வேண்டும் என்பது குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்து எச்சரிக்கை. இன்றும் மரபாகத் தொடர்கிறது. தோலை நீக்கிவிட்டு, இனிப்புக் கடுகுத் துவையல் தொட்டு உண்பார்கள்.

சைவ உணவினர் இங்கே கவனமாக இருக்க வேண்டும். தெற்கு ஜெர்மனியின் உருளைக்கிழங்கு சாலட் பெரும்பாலும் இறைச்சி வடிநீர் சேர்த்துச் செய்யப்படுவது. ப்ரெட்செல் மாவில் சில இடங்களில் பன்றிக் கொழுப்பு சேர்க்கப்படுவதுண்டு. பார்வைக்குத் தெரியாத இவ்விரண்டையும் கேட்டுத்தான் அறிய முடியும்.

குவளை, நுரை, வாழ்த்து

மேசையில் அனைவருக்கும் குவளை வரும்வரை யாரும் வாய் வைப்பதில்லை. வந்தபின் குவளையை உயர்த்தி, "ப்ரோஸ்ட்" என்று சொல்லி, ஒவ்வொருவருடைய கண்ணையும் நேராகப் பார்த்து இடித்துக்கொள்ள வேண்டும். நம்மவர் பெரும்பாலும் தடுமாறுவது இந்தக் கண் பார்வையில்தான். மூத்தவரை நேருக்கு நேர் உற்றுப் பார்ப்பது அடக்கமின்மை என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். மேலதிகாரியின் குவளையோடு இடிக்கும்போது பார்வை தானாகத் தாழ்ந்துவிடும். அங்கேயோ பார்வையைத் தாழ்த்துவது அவரை மதிக்காததாகக் கொள்ளப்படும். ஒருவர் கைக்குக் குறுக்கே கை நீட்டி இடிப்பதையும் தவிர்ப்பார்கள். ஒரு லிட்டர் கொள்ளும் "மாஸ்" குவளையைக் கைப்பிடியால் பிடித்து உடற்பகுதியில் இடிக்கலாம். கோதுமை பீரின் உயரமான கண்ணாடிக்கு மேல் விளிம்பு மெல்லியது, அடி கனமானது, ஆகவே அடிப்பகுதியால் மெதுவாகத் தட்ட வேண்டும்.

கோதுமை பீரை ஊற்றுவது ஒரு கலை. சென்னையில் கோதுமை பீர் கிடைக்கும்போது, நீங்கள் குடிப்பவராகவும் இங்குள்ள சட்டப்படி 21 வயது நிறைந்தவராகவும் இருந்தால், வீட்டிலேயே பழகிக்கொள்ளலாம். முதலில் கண்ணாடியைச் சோப்பு வாடையோ எண்ணெய்ப் பிசுக்கோ இல்லாமல் கழுவுங்கள். தாளிப்புக் கரண்டி தேய்த்த அதே நாரால் தேய்த்த கண்ணாடியில் நுரை நிற்காது, எண்ணெய் அதைக் கணத்தில் குலைத்துவிடும். பிறகு குளிர்ந்த நீரால் உட்புறத்தை நனைத்து, துடைக்காமல், கண்ணாடியை நன்கு சாய்த்துப் பிடித்து, புட்டியின் வாய் உட்சுவரைத் தொடும்படி மெல்ல ஊற்றுங்கள். நிறைய நிறையக் கண்ணாடியை நிமிர்த்துங்கள். சிறிதளவு மீதமிருக்கும்போது நிறுத்தி, அடியில் தங்கிய ஈஸ்ட் கலங்கும்படி புட்டியைச் சுழற்றி, அந்தக் கலங்கலை நுரையின் மேல் ஊற்றி முடிக்க வேண்டும். பானம் கலங்கலாக இருப்பது பழுதன்று, அதன் இயல்பே அதுதான். முகர்ந்தால் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். இரண்டில் எதுவும் சேர்க்கப்படவில்லை, அந்த ஈஸ்ட் வகை புளிக்கவைக்கும்போது உருவாக்கும் மணங்கள் அவை.

குளிர்ச்சியைப் பற்றி ஒரு சொல். சென்னை வெயிலுக்குப் பழகிய நாம் பனி உறைந்த கண்ணாடியை விரும்புகிறோம். அது மணத்தை முழுதும் அடக்கிவிடும். பில்ஸ், ஹெல்லஸ் போன்ற வெளிர் நிற பீர் வகைகளை ஏறத்தாழ 7, 8 பாகை செல்சியஸிலும், அடர்த்தியான போக் வகையை அதைவிடச் சற்று வெதுவெதுப்பாகவும் அருந்துவதே முறை. பெட்டியிலிருந்து எடுத்துச் சில நிமிடங்கள் வைத்தாலே நம் ஊரில் அந்த வெப்பநிலை வந்துவிடும்.

கண்ணாடியின் பக்கவாட்டில் ஒரு கோடும், அதனருகே 0,2 அல்லது 0,5 போன்ற எண்ணும் இருக்கும்; அது லிட்டர் அளவு, தசமப் புள்ளிக்குப் பதில் அங்கே காற்புள்ளி இடுவார்கள். பானம் அந்தக் கோட்டைத் தொட வேண்டும், நுரை அதற்கு மேலே. குறைந்திருந்தால் நிறைத்துத் தரும்படி பணிவாகக் கேட்கலாம், யாரும் தவறாக எண்ண மாட்டார்கள்.

ஊருக்கு ஊர் மாறுவது

1516 ஏப்ரல் 23 அன்று இங்கோல்ஷ்டாட் நகரில் பவேரியப் பிரபுக்களான நான்காம் வில்ஹெல்மும் அவருடைய தம்பி பத்தாம் லுட்விக்கும் பிறப்பித்த தூய்மை ஆணையைப் பற்றி எந்த மேசையிலும் யாராவது பேசத் தொடங்குவார். பார்லி, கசப்பு தரும் ஹாப்ஸ் பூ, தண்ணீர் ஆகிய மூன்றைத் தவிர வேறெதுவும் பீரில் சேரக் கூடாது என்பது அதன் சாரம். ஈஸ்ட் அதில் குறிப்பிடப்படவில்லை. பீரின் விலைக்கு உச்சவரம்பு விதித்ததும் அதே ஆணைதான். கோதுமை ரொட்டிக்கு உதவ வேண்டும் என்ற அக்கறையும் அதன் பின்னால் இருந்தது. 1906இல் அது ஜெர்மனி முழுமைக்கும் விரிந்தது. 1987இல் ஐரோப்பிய நீதிமன்றம், இந்த விதியைக் காட்டி அயல்நாட்டு பீரைத் தடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. ஜெர்மானியர் பலர் இன்றும் இதில் பெருமை கொள்கிறார்கள், வேறு சிலர் இது புதுமையைத் தடுக்கிறது என்கிறார்கள். விருந்தினராக நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பதே நலம். நல்ல உரையாடல் கிடைக்கும்.

பவேரியாவில் கற்ற முறைகளை அப்படியே கொலோன் நகருக்குக் கொண்டுசெல்ல வேண்டாம். அங்கே கோல்ஷ் என்னும் வெளிர் நிற பீர், 0,2 லிட்டர் கொள்ளும் மெல்லிய உருளைக் கண்ணாடியில் வரும். நீல அங்கி அணிந்த பணியாளரைக் கோபஸ் என்பார்கள். அவர் வட்டத் தட்டில் கண்ணாடிகளை அடுக்கி வலம் வந்து, காலியான கண்ணாடியைக் கண்டதும் கேட்காமலேயே புதியதை வைத்துவிட்டு, கண்ணாடிக்கு அடியில் வைக்கும் உங்கள் அட்டைத் தாங்கியில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார். மறுத்துச் சொல்லத் தெரியாத நம்மவர், வைத்ததை வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தால் குடித்துக்கொண்டே இருப்பதுண்டு. போதும் என்று தோன்றியதும் அட்டைத் தாங்கியை எடுத்துக் கண்ணாடியின் மேல் மூடிவிடுங்கள். அவர் கணக்குப் பார்க்க வந்துவிடுவார். அந்த அட்டையே உங்கள் ரசீது என்பதால் அதைக் கிழிக்கவோ நனைக்கவோ வேண்டாம். அண்டை நகரமான டுசெல்டார்ஃப் செம்பழுப்பு நிற ஆல்ட் பீரைக் கொண்டாடுவது. இரு நகரங்களுக்கும் நெடுநாள் போட்டி. கொலோனில் அமர்ந்து ஆல்ட் கேட்பது விளையாட்டாகவே இருந்தாலும் தவிர்க்கத்தக்கது.

நேரம் கிடைத்தால் பாம்பெர்க் நகருக்குச் சென்று, பீச் மரப் புகையில் உலர்த்திய மால்ட் என்னும் முளைகட்டிய தானியத்தால் செய்த புகை பீரை ஒருமுறை சுவையுங்கள். முதல் மிடறு திகைக்க வைக்கும், இரண்டாவதற்குப் பின் பழகிவிடும். லைப்சிக் நகரின் கோஸ பீரில் உப்பும் கொத்தமல்லி விதையும் சேர்கின்றன. புளிப்பும் உப்பும் மல்லியும் கூடிய அந்தச் சுவை, ரசம் குடித்து வளர்ந்த நாவுக்கு மற்ற எவரையும்விட விரைவில் பிடிபடும் என்று நம்புகிறேன். பெர்லினில் புளிப்பான வைஸ பீரைச் சிவப்பு அல்லது பச்சை நிறப் பழ, மூலிகைப் பாகு கலந்து தருவார்கள்.

மியூனிக்கின் அக்டோபர் திருவிழாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1810இல் பவேரியப் பட்டத்து இளவரசர் லுட்விக்கும் தெரேசாவும் மணந்ததையொட்டி நடந்த குதிரைப் பந்தயத்திலிருந்து வளர்ந்த விழா அது. செப்டம்பரிலேயே தொடங்கிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். மைதானத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. பந்தல்களில் உட்கார இடம் கிடைத்தால்தான் பரிமாறுவார்கள். எனவே வார நாளில், பகலிலேயே செல்லுங்கள். அங்கு ஊற்றப்படும் பீர் வழக்கமானதைவிட வலுவானது, ஆல்கஹால் 6 விழுக்காட்டை ஒட்டியது, அளவோ ஒரு லிட்டர். பலகைமேல் ஏறி நின்று பாடுவது வழக்கம்; மேசைமேல் ஏறுவது வெளியேற்றப்படுவதற்கு வழி. குவளையை நினைவுப் பொருளாகப் பையில் வைத்துக்கொள்வது அங்கே திருட்டு. கடையில் விலைக்கு வாங்கலாம்.

குடிக்காதவர் அமரும் முறை

மது அருந்தாதவர்கள் இந்த மேசைக்கு வரக் கூடாது என்று எந்த மரபும் சொல்லவில்லை. ஆப்பிள் சாறும் சோடா நீரும் கலந்த அப்ஃபெல்ஷோர்லயைக் கேளுங்கள். குழந்தைகளும், வண்டி ஓட்ட வேண்டியவர்களும், வெறுமனே விரும்பாதவர்களும் அதையே குடிக்கிறார்கள். அதே கண்பார்வையோடு அதே "ப்ரோஸ்ட்" சொல்லலாம். காரணம் கேட்டுத் துளைக்கிறவர்கள் குறைவு; நீங்களாக நீண்ட விளக்கம் சொல்லவும் தேவையில்லை. மதுவற்ற பீர் ஏறத்தாழ எல்லா இடத்திலும் கிடைக்கும். ஆனால் "அல்கஹோல்ஃப்ரை" என்று அச்சிட்டவற்றில் 0.5 விழுக்காடு வரை ஆல்கஹால் இருக்கச் சட்டம் இடமளிக்கிறது. சமயக் காரணத்தாலோ மருத்துவக் காரணத்தாலோ முற்றிலும் விலக்குபவர்கள் 0,0 என்று குறிப்பிட்டதைத் தேட வேண்டும். அரைப்பங்கு பீரும் அரைப்பங்கு எலுமிச்சைப் பானமும் கலந்த ராட்லர், குறைவாகக் குடிக்க விரும்புபவருக்கு ஏற்றது.

வயது, வண்டி, கணக்கு

ஜெர்மனியில் பீரும் ஒயினும் 16 வயதிலேயே சட்டப்படி கிடைக்கும். கடும் மதுவுக்கு 18. எனவே இங்கே வயது எட்டாத மாணவர் அங்கே சட்டத்தின் தடையின்றி மேசையில் அமர்கிறார். அவருக்கு முறைகளை முன்கூட்டியே சொல்லி அனுப்புவதை, மறைத்து வைப்பதைவிடப் பொறுப்பான செயலாகக் கருதுகிறேன். வண்டி ஓட்டுவோருக்கான வரம்பு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால். நம் நாட்டில் அது 30 மில்லிகிராம். ஆனால் 21 வயது நிறையாதவருக்கும், உரிமம் பெற்று இரண்டு ஆண்டு தகுதிகாண் காலத்தில் இருப்பவருக்கும் அங்கே ஒரு துளியும் அனுமதியில்லை. மிதிவண்டியில் போதையோடு செல்வதும் குற்றமாகலாம். இரயிலும் டிராமும் இருக்கும்போது இந்தக் கணக்கையெல்லாம் போடாமலிருப்பதே அறிவு.

பீர் தோட்டங்கள் இரவு 11 மணிக்குள் அடங்கிவிடும். கடைசி ஊற்று பத்தரைக்கு. புறப்படும்போது பணியாளர் "சேர்த்தா, தனித்தனியா?" என்று கேட்பார். ஒவ்வொருவரும் தாம் அருந்தியதற்குத் தாமே செலுத்துவது அங்கே இயல்பு. நம் ஊர் வழக்கப்படி எல்லோருக்குமாகக் கொடுக்கப் பிடிவாதம் பிடித்தால் அவர்கள் சங்கடப்படுவார்கள். யாருக்கேனும் விருந்தளிக்க விரும்பினால் குவளை வரும் முன்பே, இது என் முறை என்று சொல்லிவிடுங்கள். பணியாளருக்கான அன்பளிப்பு 5 முதல் 10 விழுக்காடு. அதை மேசையில் விட்டுவராமல், பணம் நீட்டும்போதே அன்பளிப்பையும் சேர்த்த முழுத் தொகையைச் சொல்ல வேண்டும்: 18 யூரோ 20 சென்ட் ஆனால் "இருபது" என்று சொல்லி நோட்டைக் கொடுத்தால் போதும். வங்கி அட்டை ஏற்காத இடங்கள் இன்னும் இருப்பதால் கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

பல தோட்டங்களில் குவளைக்கு டெபாசிட் பிடித்து ஒரு வில்லையைத் தருவார்கள். குவளையையும் வில்லையையும் திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்ப வரும். கடையில் வாங்கும் பீர்ப் புட்டிகளுக்கும் இதே ஏற்பாடுதான். சாதாரணக் கண்ணாடிப் புட்டிக்கு 8 சென்ட், கம்பி மூடியுள்ளதற்கு 15, தகர டப்பாவுக்கு 25. அரை லிட்டர் புட்டிகள் 20 கொண்ட பெட்டிக்கு, பெட்டிக்கான 1.50 யூரோவையும் சேர்த்து 3.10 யூரோ டெபாசிட்; அங்காடி வாசலில் உள்ள இயந்திரத்தில் புட்டிகளைச் செலுத்தி, அது தரும் சீட்டைக் காசாளரிடம் கொடுத்துப் பெற்றுக்கொள்ளலாம். வெளியில் குடித்த புட்டியைத் திருப்பித் தர உங்களுக்கு நேரமில்லையென்றால் குப்பைத் தொட்டிக்குள் எறியாமல் அதன் அருகே நிறுத்தி வையுங்கள். புட்டி சேகரித்துப் பிழைப்பவர்கள் கையை உள்ளே விட்டுத் துழாவ வேண்டியிராது.